இசையும் இசைவும்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை. நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரின் பியானோ ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மாஸ்கோவில் புஷ்கின் பெயரைத் தாங்கிய நுண்கலை மியூசியத்தில், 'டிசம்பர் மாலைகள்' என்ற வருடாந்திர விழாவில் அவர் வாசித்தது. முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின் எங்களில் கவிஞராக இருப்பவர், "இதையெல்லாம் இனிமேல் நாம் கேட்கலாமா என்று தெரியவில்லை" என்றார். 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்த பிறகு, ருஷ்யா தன் சரித்திரத்தையும் சங்கீதத்தையும் கொண்டாடும் எந்த நிகழ்ச்சியையும் தன்னால் சஞ்சலமில்லாமல் கேட்க முடியவில்லை என்றார். வீட்டுக்கார நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "சங்கீதத்துக்கு ஏதய்யா பாஸ்போர்ட்?" என்றார். காபி வந்தது. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

இரண்டு பேர் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை. கவிஞர் சொன்னபடி பார்த்தால், முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் ஒருவர் வாசித்த சுரங்கள் இன்றைய பீரங்கிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அளவுகோலை எடுத்தால் உலகத்தில் எந்த தேசத்தின் கலையும் மிஞ்சாது. வீட்டுக்காரர் சொன்னது இதைவிடச் சுலபமான பதில். சங்கீதம் ஆகாயத்தில் நடப்பதில்லை. அதற்கு ஒரு கூடம் வேண்டும். கூடம் யாருக்கோ சொந்தம். அந்த யாரோ எதைக் கொண்டாடுவது, எதைப் பேசாமல் விடுவது என்று முடிவு செய்கிறார்கள். நாம் உள்ளே போய் உட்காரும்போது அந்த முடிவுக்கும் சேர்த்துத்தான் உட்காருகிறோமா என்பதே கேள்வி. இரண்டு நண்பர்களும் இந்தக் கேள்வியை எதிரெதிர் வாசல்கள் வழியாகத் தப்பித்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது.

நான் மாஸ்கோவைப் பார்த்ததில்லை. புத்தகங்கள், ஒலிப்பதிவுகள், ஒன்றிரண்டு படங்கள் இவற்றின் வழியாகத்தான் அந்தக் கட்டிடத்தை அறிவேன். ஆனால் கேள்வி பிரயாணம் செய்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

2

மியூசியம் ஆரம்பித்த கதை நல்ல கதை. மாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் இவான் ஸ்வெதாயெவ், ஒரு ஏழை கிராமப் பாதிரியாரின் மகன். கிரீஸுக்கும் இத்தாலிக்கும் போக வசதியில்லாத மாணவர்கள் அங்குள்ள சிற்பங்களை எப்படிப் பார்ப்பது என்ற கவலை அவருக்கு. வியாக்யானங்களைவிட உருவத்தைக் கண்ணெதிரே நிறுத்துவது மேல் என்று நினைத்து, அவற்றுக்கு அச்சு எடுத்து சுண்ணாம்புப் படிவங்கள் செய்வித்துச் சேர்த்தார். கண்ணாடித் தொழிற்சாலை முதலாளி நெச்சாயெவ்-மால்த்ஸவ் பெரும் பணம் கொடுத்தார். 1912இல் ஜார் இரண்டாம் நிக்கொலாய் முன்னிலையில், அவருடைய தகப்பனார் மூன்றாம் அலெக்ஸாந்தர் பெயரில் மியூசியம் திறக்கப்பட்டது. இத்தாலிய முற்றத்தில் மைக்கலாஞ்சலோவின் தாவீது நின்றான். சுண்ணாம்பு தாவீதுதான். அடுத்த வருஷம் ஸ்வெதாயெவ் இறந்துபோனார்.

இதற்குப் பிறகு கதை நல்ல கதையாக இல்லை. 1937இல் மியூசியத்துக்குப் புஷ்கின் பெயர் வைத்தார்கள். புஷ்கினுக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. அவர் இறந்து 75 வருஷத்துக்குப் பிறகு திறந்த கட்டிடம் அது. ஆனால் அவருடைய நூற்றாண்டு நினைவு தேசம் முழுக்கக் கொண்டாடப்பட்ட வருஷம் 1937. நள்ளிரவுக் கைதுகள் உச்சத்துக்குப் போன வருஷமும் அதுதான். அதே 1937 செப்டம்பரில், மியூசியத்தைக் கட்டியவரின் இளைய மகள் அனஸ்தாஸியா கைதாகி முகாமுக்குப் போனார். மூத்தவர் மரீனா ஸ்வெதாயெவா, இருபதாம் நூற்றாண்டு ருஷ்யக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒன்று. 1939இல் அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பினார். சில மாதங்களுக்குள் மகளும் கணவரும் கைதானார்கள். 1941 ஆகஸ்ட் 31 அன்று யெலாபுகா என்ற சிற்றூரில் அவர் தூக்கு மாட்டிக்கொண்டார். அந்த அக்டோபரில் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தகப்பன் கட்டிய கூடத்தில் தாவீது நின்றபடியே நின்றான்.

1948இல், மத்தீஸ், பிக்காஸோ, செஸான் எல்லாம் இருந்த நவீன மேற்கத்தியக் கலை மியூசியத்தை, பூர்ஷ்வா ரசனை என்று சொல்லிக் கலைத்துவிட்டு, படங்களை இங்கும் லெனின்கிராட் ஹெர்மிடாஜுக்கும் பங்கு பிரித்தார்கள். 1949 டிசம்பரில் ஸ்டாலினுக்கு எழுபது வயது. தேசத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த பரிசுகளை வைக்க இடம் வேண்டியிருந்தது. மியூசியத்தின் பொருள்களைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு அங்கே பரிசுகளை அடுக்கினார்கள். 1953 வரை, உலகக் கலையைக் காட்டவென்று கட்டிய கட்டிடத்தில் ஒரு மனிதனின் புகழ் மட்டும் காட்சிக்கு இருந்தது.

இன்னொன்று. ஹைன்ரிஹ் ஷ்லீமான் 1873இல் ட்ராய் என்று நம்பிய மேட்டில் தோண்டி எடுத்து, துருக்கியரின் கண்ணில் படாமல் கடத்திக்கொண்டுபோன தங்கம் பெர்லினில் இருந்தது. 1945இல் வெற்றி பெற்ற ஸோவியத் படை அதை எடுத்துவந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது புஷ்கின் மியூசியத்தின் பூட்டிய அறையில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று உலகம் கேட்டபோதெல்லாம் பதில் மௌனம். 1990களில்தான் ஒப்புக்கொண்டார்கள். 1996இல் காட்சிக்கு வைத்தார்கள். 1998இல், போரில் எடுத்த கலைப்பொருள்கள் நஷ்ட ஈடாக ருஷ்ய அரசுக்கே சொந்தம் என்று சட்டம் போட்டார்கள். தரப்பு நியாயம் அவர்களுக்கும் இருக்கிறது. ஜெர்மானியர்கள் ருஷ்ய மண்ணில் எரித்ததையும் கொள்ளையடித்ததையும் கணக்கிட்டால் இந்தத் தங்கம் அற்பம். டிரெஸ்டன் ஓவியங்களையும் அவர்கள் எடுத்துவந்தார்கள். 1955இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் இதே கட்டிடத்தில் அவற்றைப் பார்த்த பிறகு கிழக்கு ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கொள்ளையும் கொடையும் அங்கு ஒரே வாசல் வழியாக நடந்திருக்கின்றன.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. அந்த மியூசியத்தில் யாருக்கும் கடன்படாதவை சுண்ணாம்புப் படிவங்கள்தான். அவை தங்களை மூலம் என்று சொல்லிக்கொள்வதில்லை. யாரிடமிருந்தும் பிடுங்கப்படவுமில்லை. மூலங்களைப் பற்றித்தான் வழக்கு.

3

இந்தக் கட்டிடத்தில்தான் 1981 டிசம்பரில் ரிக்டரும், மியூசியத்தின் இயக்குநர் இரினா அந்தோனவாவும் டிசம்பர் மாலைகளை ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு ஒரு பொருள். அதையொட்டிச் சங்கீதம், அதற்கு இணையாக ஓவியங்கள். மாடிப்படி ஏறியதும் வரும் வெள்ளை மண்டபத்தில் கச்சேரி. ருஷ்ய இசை மட்டும் என்ற வரையறையும் இல்லை. 1983இலும் 1984இலும் பெஞ்சமின் பிரிட்டனின் ஆபராக்கள் இரண்டை அங்கே நடத்தினார்கள். தூண்களும் அதிகாரிகளும் நிறைந்த அரசாங்க விழாக்களுக்கு நடுவில், ஒரு கலைஞன் தன் ரசனையை மட்டும் நம்பி நடத்திய விழா அது. 1997இல் ரிக்டர் இறந்த பிறகும் அவர் பெயரோடு அது தொடர்ந்தது.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மட்டமான கொண்டாட்டத்தைக் கண்டிக்கத் தத்துவ விசாரம் எதுவும் தேவையில்லை. ராணுவ அணிவகுப்புக்கு பாண்டு வாத்தியம் வாசிப்பதைப் பற்றி யாரும் கட்டுரை எழுத வேண்டாம். கொண்டாட்டம் உண்மையாகவே மேன்மையானதாக இருக்கும்போதுதான் பிரச்னை.

தன் பிற்காலத்தில் ரிக்டர் கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, எதிரிலிருக்கும் இசைத்தாள் மேல் ஒரே ஒரு சிறு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார். வாசிப்பவனின் முகத்தையும் விரல்களையும் வேடிக்கை பார்க்காமல் ஜனங்கள் இசையைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. வாசிப்பவன் எழுதியவனின் உயிலை நிறைவேற்றுகிறவன், அவ்வளவுதான் என்பது அவர் எண்ணம். இதைவிட உயர்ந்த கலை அடக்கம் இருக்க முடியாது. ஆனால் இருட்டு எதை மறைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்காது. வாசிப்பவனின் முகத்தை மறைக்கிற இருட்டு மண்டபத்தையும் மறைக்கிறது. 1980களில் அந்த இருட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் இருந்த கூரைக்குக் கீழேதான், பூட்டிய அறையில், இல்லை என்று சொல்லப்பட்ட தங்கம் இருந்தது. முப்பது வருஷங்களுக்கு முன் அதே இடத்தில் பரிசுப் பொருள்கள் அடுக்கியிருந்தன. கேட்டவர்களில் வயதானவர்களுக்கு அது ஞாபகம் இருந்திருக்கும்.

நம் பாஷையில் 'இசை' என்ற சொல் மூன்று காரியங்களைச் செய்கிறது. இசை என்றால் சங்கீதம். பழைய நூல்களில் இசை என்றால் புகழ். வினையாக வரும்போது, இசைவது என்றால் சம்மதிப்பது. 'அவர் அதற்கு இசைந்தார்' என்கிறோம். சங்கீதம், புகழ், சம்மதம். வேறு வேறு மூன்று பொருள்கள் தற்செயலாக ஒரே சொல்லில் வந்து தங்கியிருக்கின்றன என்று நிகண்டு பார்ப்பவர்கள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சங்கீதம் நடக்கும்போது மனதில் ஏதோ ஒன்று ஒத்துப்போகிறது. அந்த ஒத்துப்போதல் சுரத்தோடு நிற்பதில்லை. சுற்றியிருக்கும் தூண், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும் சரித்திரம், இவை எல்லாவற்றோடும் நாம் அந்த ஒன்றரை மணி நேரம் சமாதானமாகிவிடுகிறோம். கொண்டாட்டத்தை நடத்துகிறவர்களுக்கு வேண்டியது இந்தச் சமாதானம். இசை கேட்கப் போனவனிடமிருந்து, அவன் அறியாமல், இசைவு வாங்கப்படுகிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நாமும் வாங்கிக்கொண்டவர்கள்தான். மாஸ்கோவிலிருந்து ஸோவியத் பதிப்பகங்கள் தமிழில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள், நியூ செஞ்சுரி கடைகளில் கிடைத்த விலைக்கு, நம் அப்பாக்களின் அலமாரியை நிரப்பின. தோல்ஸ்தாயும் செகாவும் கார்க்கியும் எங்கள் தலைமுறைக்கு அந்த அலமாரியிலிருந்து வந்தவர்கள். அந்த விலை ஒரு அரசாங்கம் கொடுத்த விலை. தன்னைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும் என்று அதற்கு விருப்பம் இருந்தது. ஸ்வெதாயெவாவை எனக்கு அந்த அலமாரி காட்டவில்லை. கல்லூரியில் இங்கிலீஷ் வழியாகத்தான் அவர் பெயர் தெரிந்தது. ஆனாலும் செகாவ் பொய்யாகிவிடவில்லை. ருஷ்யாவின் பேரில் நமக்குள்ள பிரியத்தில் எது செகாவ், எது சலுகை விலை என்று பிரித்துப் பார்க்க நமக்கு இன்னும் வரவில்லை.

4

ரிக்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்ததா?

அவர் 1915இல் ஜிடோமிரில், இன்றைய உக்ரேனில் பிறந்தவர். தகப்பனார் தியோஃபில் ஜெர்மானிய வம்சம். ஒதெஸ்ஸாவில் ஆர்கன் வாசிப்பவர், இசை ஆசிரியர். 1941இல், ஜெர்மானியர்கள் நகரத்தை நெருங்கிய சமயம், ஒற்றன் என்று சொல்லி ஸோவியத் அதிகாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மகன் அந்த தேசத்தின் மிகப் பெரிய பியானோ கலைஞனானான். அதன் பரிசுகளையும் பெற்றான்.

1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தபோது ரிக்டர் திபிலிஸியில் இருந்தார். மலர் வளையங்கள் ஏற்றிய ஒரு விமானத்தில் அவரைத் தனியாக மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார்கள். சடலம் வைத்திருந்த மண்டபத்தில் பாக் வாசித்தார். அதே மார்ச் 5 அன்றுதான் ப்ரகோஃபியெவும் இறந்திருந்தார், ரிக்டர் எவருடைய சொனாட்டாக்களை முதன்முதலில் அரங்கேற்றினாரோ அந்த ப்ரகோஃபியெவ். ஏழு வருஷம் கழித்து, 1960இல் பாஸ்தர்நாக் இறந்தார். நோபல் பரிசுக்காக எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டு, அவமானப்படுத்தப்பட்டு இறந்த மனிதர். பெரெதெல்கினோவில் அவர் வீட்டிலிருந்த சாதாரண பியானோவில், யாரும் கூப்பிட்டனுப்பாமல், ரிக்டர் வாசித்தார். மரியா யூதினாவும் வாசித்தார்.

இரண்டு சாவு வீடுகள், ஒரே கைகள். முதல் இடத்தில் வாசித்ததை எடுத்துக்கொண்டு அவரைக் கோழை என்றோ, இரண்டாம் இடத்தில் வாசித்ததை எடுத்துக்கொண்டு வீரன் என்றோ சொல்லிவிடலாம். இரண்டும் சில்லறைத்தனமான தீர்ப்பு. என்னை உறுத்துவது வேறு. முதல் மண்டபத்தில் பாக் கெட்டுப்போகவில்லை. இரண்டாவது வீட்டில் பாஸ்தர்நாக் அனுபவித்ததற்கு சங்கீதம் ஈடுசெய்யவும் இல்லை. சங்கீதத்தால் இரண்டும் ஆகாது. அதற்கு ஞாபகம் கிடையாது. ஞாபகம் வைத்துக்கொள்வது வாசித்தவனின் பொறுப்பு, கேட்டவனின் பொறுப்பு. வாழ்க்கையின் கடைசியில் எடுத்த படத்தின் முடிவில், ரிக்டர் தன்னைத் தனக்குப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தலையைக் கையில் கவிழ்த்துக்கொள்கிறார். காரணம் சொல்லவில்லை. நாமாக ஒரு காரணத்தை அவர் வாயில் திணிக்கவும் கூடாது. ஆனால் எல்லாவற்றோடும் இசைந்துபோன மனிதனின் முகமல்ல அது.

5

இசைவு என்ற கேள்வியை ருஷ்யர்களிடமே விட்டால், அவர்களில் ஒருவர் இதற்கு முன்பே பதில் எழுதியிருக்கிறார். தாஸ்தாயேவ்ஸ்கியின் கரமஸோவ் சகோதரர்களில் இவான், தம்பி அல்யோஷாவிடம் பேசுகிறான். ஒரு ஜமீன்தார் தன் நாய்களை ஏவி ஒரு குழந்தையைத் தாயின் கண்ணெதிரிலேயே கிழித்துப்போடச் செய்கிறான். காலத்தின் கடைசியில் எல்லாம் பொருந்தி, பிரபஞ்சமே ஒரு பெரிய இசைவாகி, தாய் அந்த ஜமீன்தாரைக் கட்டிக்கொள்வாளாக இருந்தாலும் அது கூடாது என்கிறான் இவான். தான் பட்டதை அவள் மன்னிக்கலாம். குழந்தை பட்டதை மன்னிக்க அவளுக்கும் உரிமை இல்லை. அப்படிப்பட்ட இசைவுக்கு உள்ளே போகத் தனக்குக் கொடுத்த சீட்டை மரியாதையோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்கிறான்.

எங்கள் கவிஞர் செய்ய நினைத்தது இதைத்தான். அதனால் அவரை எளிதில் ஒதுக்க முடியாது. சரித்திரத்தைக் கொண்டாடும் ஒவ்வொரு கச்சேரியும், இறந்தவர்களின் சார்பில் ஒரு மன்னிப்பை வழங்கிவிடும் அபாயம் இருக்கிறது. பல்மைராவில் நடந்ததைப் பாருங்கள். 2015இல் இஸ்லாமிய அரசு என்று சொல்லிக்கொண்ட கூட்டம் அந்தப் பழைய ரோமானிய அரங்கில் கைதிகளைக் கொன்றது. எண்பது வயது தாண்டிய தொல்பொருள் அறிஞர் காலித் அல்-அஸாதின் தலையை அந்த ஊரில்தான் வெட்டினார்கள். ஊரை மீட்ட பிறகு, 2016 மே 5 அன்று, வலேரி கெர்கியெவ் ருஷ்யாவிலிருந்து தன் வாத்தியக் குழுவை அழைத்துவந்து அதே அரங்கில் பாக்கும் ப்ரகோஃபியெவும் வாசிக்கச் செய்தார். ருஷ்ய ஜனாதிபதி திரையில் தோன்றிப் பேசினார். வாசித்தவர்களின் உருக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கற்களின் மேல் சமாதானம் அறிவிக்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்த டிசம்பரில் ஊர் மறுபடி விழுந்தது. அடுத்த மாதத்தில் அரங்கத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். கொண்டாட்டம் கணக்கை மூடிவிட்டுப் போனது. கணக்கு மூடியிருக்கவில்லை.

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. எங்களிடம் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. வந்த தொகை யாருடையது, எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று தெரியாதபோது அதை அங்கே நிறுத்திவைப்போம். யாருக்கும் அது பிடிக்காது. தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதனால் வருஷக் கடைசியில், எப்படியாவது ஒரு பொருத்தமான தலைப்பைக் கண்டுபிடித்து அந்த வரியைத் தீர்த்துவிடலாமே என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தலைப்பு கிடைத்துவிடும். பக்கம் சுத்தமாகிவிடும். அந்தப் பணத்துக்கு உரியவன் என்றாவது வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரி இருக்காது. நல்ல குமாஸ்தா என்பவன் தீராததைத் தீராததாகவே அடுத்த வருஷத்துப் பேரேட்டுக்கு எடுத்துப்போகிறவன். ஒவ்வொரு வருஷமும் அந்த வரியைத் தன் கையால் மறுபடி எழுதுகிறவன்.

மியூசியங்கள் நடத்தும் சரித்திர விழாக்களில் நடப்பது பெரும்பாலும் அந்த வருஷக் கடைசிக் காரியம். அனஸ்தாஸியாவின் கைது, மரீனாவின் கயிறு, தியோஃபில் ரிக்டரின் சாவு, பூட்டிய அறைத் தங்கம், இவை எல்லாம் 'நமது மகத்தான, துயரமான பாரம்பரியம்' என்ற ஒரே தலைப்பில் வரவு வைக்கப்படுகின்றன. துயரமும் ஒரு அலங்காரமாகிறது. மெல்லிய சோகத்தோடு வெளியே வருகிறோம். அந்தச் சோகம் நமக்கு இதமாக இருக்கிறது. இதமாக இருப்பதுதான் அதன் குற்றம்.

இருந்தாலும் இவானோடு கடைசி வரை போக என்னால் முடியவில்லை. அவன் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு எங்கே போவான் என்பதற்கு நாவலில் நல்ல பதில் இல்லை. அவனுக்கு மூளை கலங்கிவிடுகிறது. சீட்டைத் திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு தீர்த்துவிடும் அவசரம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கேட்க மறுப்பவனும் கணக்கை மூடுகிறான், எதிர்ப்பக்கத்தில் எழுதி. இத்தனைக்கும் அங்கே வாசித்தவனே அந்தக் கணக்கில் ஒரு வாரிசு. தகப்பனைச் சுட்ட தேசத்தின் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தவனைக் கேட்க மாட்டேன் என்று சொல்ல, பத்திரமான தூரத்தில் இருக்கும் எனக்கு என்ன யோக்யதை?

மிஞ்சுவது ஒன்றுதான். சீட்டை வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, முழுக்கக் கேட்டு, இசைவை மட்டும் கொடுக்காமல் இருப்பது. இது சொல்வதற்குச் சுலபம். கேட்கும்போது முடிகிறதா என்றால், எனக்குப் பாதி நேரம் முடிவதில்லை. மெதுவான பகுதி வரும்போது எல்லாம் மறந்துபோகிறது. மறந்துபோனது முடிந்த பிறகுதான் தெரிகிறது. அப்போது மறுபடி அந்த வரியை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் முன்பு இன்னது இருந்தது, கீழே இன்னது இருந்தது, இதைக் கட்டியவரின் மகள்களுக்கு இன்னது நேர்ந்தது என்று.

போன வாரம் கவிஞர் நண்பரைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். "நீ சொல்வது கேட்பதற்கு ஒரு சாக்கு" என்றார். இருக்கலாம். ஆனால் போகும்போது அந்த ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.